ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நம் பிள்ளைகள் கற்பது யாது?

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் ஒருவரிடம் பயிர்க்கடன் வாயிதா என்றைக்கு என்று வினவினால் உடனே விடை கூறுவார். உர மூட்டையின் விலையும், பால் சங்கத்தில் லிட்டருக்குக் கிடைக்கும் தொகையும் அவருக்கு மனப்பாடம். "தங்கள் பிள்ளை ஏழாம் வகுப்பில் என்ன பாடம் வாசிக்கிறான்?" என்று கேட்டால் மட்டும், "ஏதோ படிக்கிறான், தேறினால் சரி" என்பதே பெரும்பாலோரின் மறுமொழியாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை வாசிப்பதை வீட்டார் ஒருவாறு அறிவர். அதற்கு மேற்பட்ட புத்தகங்களில் காணும் சொற்கள் புதியன, கணக்குகள் புதியன, பள்ளியும் பல ஊர்களில் பக்கத்து ஊருக்கு மாறிவிடுகிறது. ஆகவே பெற்றோர் அவ்விடத்தோடு நின்றுவிடுகின்றனர்.

ஆனால் அவ்விடத்தில்தான் பாடநூல் நம் வீட்டுக்கு மிக அருகில் வருகிறது. வட்டி, நிலம், உரம், கிராம சபை முதலிய விஷயங்கள் யாவும் 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகளில்தான் முறையாகத் தொடங்குகின்றன. பழைய நாளில் முதலாம் பாரம், இரண்டாம் பாரம், மூன்றாம் பாரம் என்று வழங்கிய வகுப்புகள் இவையே. தமிழ்நாட்டுச் சமச்சீர்க் கல்வித் திட்டத்தில் ஆறாம் வகுப்புக்கு 2018-ஆம் ஆண்டிலும், ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு 2019-ஆம் ஆண்டிலும் வெளியான பாடநூல்களைக் கொண்டு அவற்றின் சாரத்தை இங்கே எடுத்துரைப்போம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்பன பாடங்கள் ஐந்து. 1968-ஆம் ஆண்டில் சட்டசபை நிறைவேற்றிய தீர்மானத்தின்படி இம்மாநில அரசுப் பள்ளிகளில் இரு மொழிகளே கற்பிக்கப்படுகின்றன.

கணிதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சங்கத்தின் அங்கத்தினருக்கு இதுவே நெருங்கிய சொந்தம். ஆறாம் வகுப்பில் விகிதமும் விகித சமமும் வருகின்றன. கடைப் பட்டியல் எழுதுவது, அதனைச் சரிபார்ப்பது, லாப நஷ்டம் காண்பது ஆகியவற்றுக்கென்றே ஒரு பாடம் உண்டு. ஏழாம் வகுப்பில் விழுக்காடும் தனிவட்டியும், எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டியும் கற்பிக்கப்படுகின்றன.

இப்பாடங்கள் வீட்டில் எவ்வாறு பயன்படும் என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். கிராமத்தில் ஒருவர் அவசரத்துக்குத் தனியாரிடம் 10,000 ரூபாய் வாங்குகிறார். "மூன்று வட்டி" என்று பேச்சு. மூன்று என்பது சிறிய எண். அது காதுக்கு உறுத்துவதில்லை. ஆனால் அது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய். ஏழாம் வகுப்புப் பிள்ளை அதனைப் பன்னிரண்டால் பெருக்கி, ஆண்டுக்கு 36 விழுக்காடு என்று சொல்லக் கற்றிருக்கிறான். வருஷம் ஒன்றுக்கு வட்டி மாத்திரம் 3,600 ரூபாய். இரண்டு வருஷத்தில் தனிவட்டிக் கணக்குப்படி அசலும் வட்டியும் 17,200 ரூபாய். வருஷ முடிவில் வட்டியை அசலோடு சேர்த்து மறு பத்திரம் எழுதினாலோ 18,496 ரூபாய். இடையிலுள்ள 1,296 ரூபாய் வட்டிக்கு வந்த வட்டியே. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் எட்டாம் வகுப்புக் கணக்கில் இருக்கிறது. வட்டியை மாதந்தோறும் அசலில் சேர்ப்பவரிடம் அகப்பட்டால் 10,000 ரூபாய் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 14,258 ரூபாயாகிவிடும். அநியாய வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டதைப் பலரும் அறிவர். சட்டம் துணைக்கு வருவதற்கு முன்னே, பத்திரத்தில் கையொப்பமிடும் பொழுதில், கணக்கைப் போட்டுப் பார்க்க வீட்டில் ஒருவர் வேண்டும். அவர் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

பாடநூற் கணக்குகள் பெரும்பாலும் ஆண்டு வீதத்தில் அமைந்தவை. நம் ஊர்ப் பேச்சோ மாத வீதத்தில் நடக்கிறது. இரண்டையும் இணைத்துக் காட்டும் வேலை ஆசிரியரைவிடத் தகப்பனாருக்கே எளிது. சங்கக் கடன் ஆண்டுக்கு 7 விழுக்காடு என்றால் அது மாதம் நூற்றுக்கு எவ்வளவு என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 58 காசு என்று விடை வரும். "மூன்று வட்டி" என்பதற்குப் பக்கத்தில் அந்த 58 காசை எழுதி வைத்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

விழுக்காடு உர மூட்டைக்கும் பொருந்தும். யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. 50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018-ஆம் ஆண்டில் 45 கிலோவாக மாற்றப்பட்டது. மூட்டைக் கணக்கிலேயே உரமிட்டுப் பழகியவர்கள் அம்மாற்றத்தைக் கவனியாமல் போகக்கூடும். 45 கிலோ மூட்டையில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. டி.ஏ.பி. 50 கிலோ மூட்டையில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இவை ஐந்து நிமிஷ வேலை.

பரப்பளவு ஆறாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. நாம் ஏக்கர், சென்ட் என்று பேசுகிறோம். பட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்று எழுதியிருக்கிறது. 100 சதுர மீட்டர் ஓர் ஏர். 100 ஏர் ஒரு ஹெக்டேர். பட்டாவில் 0 - 40.50 என்று கண்டிருந்தால் அது ஏறக்குறைய ஓர் ஏக்கர். சென்ட் என்பது அதில் நூற்றிலொரு பங்கு, அதாவது சுமார் 40½ சதுர மீட்டர், அல்லது 435.6 சதுர அடி. பாகப்பிரிவினையிலும் கிரயத்திலும் இக்கணக்கில் தவறிப்போன குடும்பங்கள் உண்டு. அடுத்த முறை சிட்டா நகல் வாங்கி வரும்போது அதனைப் பெட்டியில் பூட்டுவதற்கு முன் பிள்ளையின் கையில் ஒருமுறை கொடுக்கலாம்.

அறிவியலில் விஷயங்கள் மிகப் பல. அளவீடு, விசை, வெப்பம், மின்சாரம், காந்தம், அணு, செல் என்று மூன்று ஆண்டுகளிலும் படிப்படியாக உயர்ந்து செல்கின்றன. அவற்றையெல்லாம் இங்கே விரித்துரைக்க இடமில்லை. எட்டாம் வகுப்பில் வரும் இரண்டு பாடங்களைப் பற்றி மாத்திரம் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பயிர் உற்பத்தியைப் பற்றியது. மண்ணைப் பண்படுத்துதல், விதை தேர்தல், எருவிடுதல், நீர் பாய்ச்சுதல், களை எடுத்தல், அறுவடை, சேமிப்பு, பயிர்ச் சுழற்சி என்று உழவர் வருஷந்தோறும் செய்யும் வேலைகளையே புத்தகம் வரிசைப்படுத்திச் சொல்கிறது. "இதை என் பிள்ளைக்குப் புத்தகத்திலா சொல்லித்தர வேண்டும்?" என்று சிலர் நகைக்கலாம். நகைப்பதில் ஓரளவு நியாயமும் உண்டு. வயலில் ஒரு காலை நேரத்தில் விளங்குவது வகுப்பில் ஒரு வாரத்தில் விளங்காது. ஆயினும் உழவருக்கு எப்படிச் செய்வதென்று தெரியும். அப்படி ஏன் செய்கிறோம் என்பதற்குப் புத்தகத்தில் காரணம் இருக்கிறது. உப்பு நீரில் கோழிமுட்டை மிதக்கும் பதம் பார்த்து நெல் விதையை அதிலிட்டு, மிதப்பதைக் கழித்துவிட்டு, அமிழ்ந்ததை நல்ல நீரில் அலசி எடுப்பது பலர் கையாளும் முறை. பொக்கு விதை ஏன் மிதக்கிறது என்பதற்கு அடர்த்தி என்னும் விடை அறிவியலில் கிடைக்கிறது. நெல்லுக்குப் பின் உளுந்து விதைப்பதால் நிலத்துக்கு நன்மை என்பது பெரியோர் அனுபவம். பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உதவும் பொருளாக மாற்றித் தருகிறது என்பதைப் பிள்ளை சொல்லக் கேட்கலாம். உளுந்துச் செடியொன்றைப் பிடுங்கி வேரிலுள்ள முடிச்சுகளைத் தகப்பனார் காட்டிவிட்டால், பிள்ளை அப்பாடத்தைப் பிறகு மறக்க வழியில்லை. பள்ளிக்கு வயல் இல்லாத குறையை நாமே இவ்வாறு தீர்க்கலாம்.

இரண்டாவது பாடம் வளரிளம் பருவத்தைப் பற்றியது. உடலில் உண்டாகும் மாறுதல்கள், மாதவிடாய், அக்காலத்துச் சுத்தம், தக்க உணவு ஆகியவை அதில் கூறப்படுகின்றன. இப்பாடம் புத்தகத்தில் இருப்பதைக் கண்டு கூச்சப்படும் வீட்டார் உண்டு. ஆனால் பெண் பிள்ளைகள் பலர் பூப்பெய்தியவுடன் படிப்பை நிறுத்திக்கொண்ட காலம் வெகு தூரத்தில் இல்லை. நடப்பது யாதென்று முன்னமே அறிந்த சிறுமி அச்சப்படுவதில்லை. அவளுடைய தாயாரும் அவளோடு பேசுவதற்கு ஒரு வழி ஏற்படுகிறது. இவ்வயதில் இரும்புச் சத்துள்ள உணவு மிக அவசியம். முருங்கைக் கீரை, கேழ்வரகு, நிலக்கடலை, வெல்லம் முதலியவை நம் தோட்டத்திலும் சந்தையிலும் கிடைப்பனவே. பள்ளியில் இப்பாடத்தை ஆசிரியர் வாசிக்காமல் தாண்டிச் சென்றால், அதனை நடத்துமாறு பெற்றோர் தயங்காது கேட்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

சமூக அறிவியலில் சரித்திரம், பூகோளம், குடிமையியல், பொருளியல் நான்கும் அடங்கும். ஆறாம் வகுப்பில் சிந்துவெளியும், பூம்புகார், மதுரை, காஞ்சி ஆகிய பழைய நகரங்களும், சங்க காலமும் வருகின்றன. ஏழாம் வகுப்பில் பிற்காலச் சோழர், பாண்டியர், தில்லி சுல்தான்கள், விஜயநகரம், முகலாயர், மராத்தியர் ஆகியோரின் சரித்திரம். எட்டாம் வகுப்பில் ஐரோப்பியர் வருகை முதல் ஆங்கில ஆட்சியின் வரலாறு.

சோழர் காலத்து ஊராட்சியைப் படிக்கும் இடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பிள்ளையிடம் கேட்டு விவரமாகத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. பிராமணக் குடியிருப்பாகிய அவ்வூரின் சபைக்குட்பட்ட வாரியங்களுக்குக் குடவோலையால் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால்வேலியேனும் உடையவராக இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் தகுதியற்றவர்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த விதி, நம் சங்கங்களின் நிர்வாகக் குழுவுக்கு நேற்று எழுதியது போல் இருக்கிறது. நிலமில்லாதாரும் பெண்டிரும் பிற வகுப்பாரும் அந்தக் குடத்துக்குள் இடம் பெறவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

எட்டாம் வகுப்பில் ஆங்கில ஆட்சிக் காலத்துக் கிராம வாழ்க்கையைப் பற்றிய பாடம் உண்டு. 1793-ஆம் ஆண்டில் வங்காளத்தில் காரன்வாலிஸ் பிரபு ஏற்படுத்திய நிரந்தர நிலவரித் திட்டமும், சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ பரவச் செய்த ரயத்துவாரி முறையும் அதில் விளக்கப்படுகின்றன. வரியைப் பணமாகவே, குறித்த காலத்திலேயே கட்ட வேண்டியிருந்தபடியால் குடியானவர் லேவாதேவிக்காரரிடம் சென்றனர். 1875-ஆம் ஆண்டில் பூனா, அகமத்நகர் ஜில்லாக்களின் குடியானவர்கள் திரண்டெழுந்து கடன் பத்திரங்களைப் பறித்துத் தீயிட்டதே தக்காணக் கலகம். உயிர்களைவிடக் காகிதங்களையே அவர்கள் குறிவைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பாடம் அதோடு வேறு கலகங்களுக்குச் சென்றுவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய தொடர்ச்சி ஒன்று உண்டு. குடியானவர் கடனைத் தீர்க்கும் வழியை ஆராயச் சென்னை சர்க்கார் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பிற்று. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் கிராமந்தோறும் நிறுவிய நாணயச் சங்கங்களை அவர் தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார். அவ்வறிக்கை 1895, 1897-ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக வெளிவந்தது. 1904-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. பிள்ளையின் புத்தகத்தில் எரிகிற பத்திரத்துக்கும் நம் சங்கத்தின் இரும்புப் பெட்டிக்கும் உள்ள உறவு இதுவாகும்.

குடிமையியலில், ஆறாம் வகுப்பிலேயே உள்ளாட்சி வருகிறது. தமிழ்நாட்டு ஊராட்சிகள் சட்டம் 1994-ஆம் ஆண்டினது. பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் 2016-ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்தது. 2022-ஆம் ஆண்டில் மார்ச்சு 22, நவம்பர் 1 என்னும் இரு நாட்கள் அவற்றோடு சேர்க்கப்படுமென அறிவிக்கப்பட்டது. இதைப் பரீட்சைக்காக உருப்போடும் பிள்ளையை அடுத்த கூட்டத்துக்கு உடன் அழைத்துச் சென்று ஓரத்தில் உட்கார வைப்பதில் நமக்குச் செலவொன்றும் இல்லை. எட்டாம் வகுப்புப் பொருளியலில் பணம், சேமிப்பு, முதலீடு ஆகியவற்றைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. சங்கத்துச் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தையும் வருஷாந்தர வரவுசெலவு அறிக்கையையும் அப்பாடத்தோடு சேர்த்து வாசிக்கச் செய்யலாம்.

மொழிப் பாடங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிச் செல்வோம். ஆறாம் வகுப்புத் தமிழில் பாரதிதாசன் பாட்டும், சிலப்பதிகாரமும், காணி நிலம் வேண்டிய பாரதியார் பாட்டும் இருக்கின்றன, தாலாட்டும் இருக்கிறது, அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் கிழவனும் கடலும் கதை சித்திரங்களோடு தமிழில் இருக்கிறது. கடிதமும் கட்டுரையும் எழுதும் பயிற்சி மூன்று வகுப்பிலும் உண்டு. மின் வாரியத்துக்கோ வட்டாட்சியருக்கோ மனு எழுத வேண்டியிருந்தால் கடைத்தெருவில் காசு கொடுத்து எழுதுவிப்பதற்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளையை ஒருமுறை எழுதச் சொல்லிப் பார்க்கலாம். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். ஆங்கிலத்தில் முதல் பாடம் கடலாமைகளைப் பற்றியது. நம் கடற்கரை மீனவர் நன்கு அறிந்த விஷயத்தையே அந்நிய மொழியில் வாசிக்கத் தொடங்குவது நல்ல ஏற்பாடே. இவையன்றி, அறிவியல் புத்தகத்தின் இறுதியில் கணினிப் பாடம் உண்டு. எட்டாம் வகுப்பில் அது கட்டங்களில் எண்களை இட்டுக் கூட்டிக் கழிக்கும் விரிதாள் வரை செல்கிறது. சங்கங்களின் பேரேடுகள் கணினிக்கு மாறிவரும் நாளில் இதன் உபயோகத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நிற்க. இம்மூன்று வகுப்புகளில் நேரும் இழப்புகளுள் பெரியது, இடையிடையே பள்ளிக்கு வாராமல் போவதுதான். கணிதத்தில் விழுக்காடு நடந்த வாரத்தில் நாற்றங்காலுக்குப் போன பிள்ளைக்குப் பின்வரும் தனிவட்டி விளங்காது. தனிவட்டி விளங்காதவனுக்கு அடுத்த ஆண்டில் கூட்டுவட்டி இருட்டே. வரலாற்றில் ஒரு பாடம் தவறினால் மற்றொன்றைப் படித்துக்கொள்ளலாம். கணிதத்தில் அப்படி இல்லை. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்பது 2009-ஆம் ஆண்டின் சட்டம். அது 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 14 வயது நிரம்பாதவரை வேலையில் அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் முற்றிலும் விலக்கியது. பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதித்தது. அறுப்புக் காலத்தில் ஆள் கிடைப்பதில்லை என்பதை நாம் அறியாமல் இல்லை. ஆயினும் கதிர் அறுக்கும் யந்திரத்தைப் பலர் சேர்ந்து வாடகைக்குப் பேச முடியும். தவறிய பாடத்தை அவ்வாறு திரும்பப் பெற முடியாது.

ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதும் பின்னாளில் பணமாகவே வந்து நிற்கும். 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கிற்று. மறு ஆண்டில் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அவ்வாறே அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்பில் சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று விதிக்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டில் வந்தது. இவற்றின் விதிகளில் கணக்குத் தொடங்குவது ஆறாம் வகுப்பிலிருந்தே. இடையில் இரண்டொரு வருஷம் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, பின்னர் திரும்பி வந்து "எங்களுக்கு ஏன் இல்லை?" என்று வருந்துவோர் இவ்விதியை முன்னமே கேட்டறியாதவர்கள். எந்தப் பள்ளி என்பது அவரவர் விருப்பம். ஆனால் சேர்க்குமுன் அப்போது நடப்பிலுள்ள விதிகளைத் தலைமையாசிரியரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்வது அவசியம்.

மேலே கண்ட பாடங்கள் நம் பள்ளியில் ஒழுங்காக நடைபெறுகின்றனவா என்று கேட்க நமக்கு உரிமையும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். கணித ஆசிரியர் இடம் காலியாயிருப்பதையும், அறிவியல் சாமான்கள் பெட்டியிலேயே கிடப்பதையும் எடுத்துச் சொல்ல ஏற்ற இடம் அக்குழுவின் கூட்டமே. சங்கத்தின் மகாசபையில் வரவுசெலவைத் துருவிக் கேட்டுப் பழகிய அங்கத்தினருக்கு அங்கே பேசுவது ஒரு பிரமாதமல்ல. கூட்டம் எந்தத் தேதியில் என்பதைப் பிள்ளையிடமே கேட்டனுப்பலாம்.